தொம்முன்னு விழுந்து அடங்கணும்

அந்த ஸ்பாஞ்சை எடுத்துராதீங்க சார். கையே வைக்காதீங்க. கிட்டார் பையைத் தெறந்தவுடனே எல்லாரும் அதைத்தான் மொதல்ல பிடுங்கப் பாக்குறாங்க. போன வாரம் தஞ்சாவூர்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு. "என்னங்க இது, பாத்திரம் வெளக்குற ஸ்பாஞ்சு கம்பிக்கு அடியில கெடக்கு, எலி கிலி இழுத்துட்டு வந்து போட்டுருச்சா"ன்னு சிரிக்கிறாரு. உங்களுக்கு விக்கிறதா இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். மனுசனுக்குக் கொஞ்சமாச்சும் ஒரு இது வேணாமா?

நீங்க உக்காருங்க. கரூர்லேர்ந்து பஸ்ஸுல வந்திருக்கீங்க, மேலெல்லாம் புழுதியா இருக்கு. அக்கா, சாருக்கு டீ போடு. சக்கரை போடலாம்ல? போடலாமாம்.

ஏன் விக்கிறீங்கன்னு கேட்டீங்க. நீங்க சும்மா ஒரு வார்த்தைக்குக் கேட்டீங்க, எனக்குத் தெரியுது. ஆனா அதைச் சொல்லாம இதை உங்க கையில குடுத்தா சரியா இருக்காது. மொதல்ல ஒரு தட்டு தட்டிக் காட்றேன், கேளுங்க. ஆம்ப்ளிஃபயரு கொஞ்சம் சூடாகட்டும்.

கேட்டீங்களா? தொம். அவ்வளவுதான். விழுந்துச்சு, அடங்கிருச்சு. இன்னொரு தடவை... தொம். சாதா பேஸ் கிட்டாரு என்ன பண்ணும், உங்களுக்குத் தெரியாததா, ஙொய்ய்ய்ன்னு இழுத்துக்கிட்டே நிக்கும். சாப்பிட்டு முடிச்ச விருந்தாளி மாதிரி, போகவே போகாது. பாடறவங்க அடுத்த வரிக்குப் போயிருப்பாங்க, இது பழைய வரியிலேயே உக்காந்திருக்கும். ஆனா பழைய பாட்டுல எல்லாம் டபுள் பேஸ்னு ஒண்ணு வாசிப்பாங்களே, ஆள் உசரத்துக்கு இருக்குமே, கட்டிப் பிடிச்சுக்கிட்டே நின்னு வாசிப்பாங்களே, அது அப்படி இல்ல. மரம் பேசுற மாதிரி ஒரு சத்தம் வரும், உடனே ஒதுங்கி வழி விடும். நான் அந்த வாத்தியத்தைக் கிட்டத்துல பாத்ததுகூட இல்ல சார். காதால கேட்டதுதான். ஆனா எனக்குப் பாம்புச் செவி. ஒர்க்‌ஷாப்புல என்னைப் பத்திக் கேட்டுப் பாருங்க, லேத்து ஓடற சத்தத்தை வச்சே எந்த பேரிங் போயிருக்குன்னு சொல்லிருவான் சவரிமுத்துன்னு சொல்லுவாங்க. இந்தப் பொன்மலையில எனக்குத் தெரியாம ஒரு சத்தம் வராது. பெருமைக்குச் சொல்லல. அது அப்படித்தான்.

அந்த மாதிரி காது இருக்கறவனுக்குத்தான் இப்படி ஆச்சு. அதுதான் சார் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

எங்க மாதா கோயில் பாட்டுக்குழு, கொயர்னு சொல்லுவோம், அதுல நான் பேஸு. கொயர் மாஸ்டர் அமல்தாஸ் சாரு கீபோர்டு. தபேலாவுக்கு ஒருத்தர். பாடறதுக்கு ஏழெட்டு பேரு, அதுல ஒருத்தி பெர்னதெத். ரெயில்வே காலனிதான், அவங்க அப்பா கார்டா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவ பாடினா... எப்படிச் சொல்றது. மத்தவங்க பாடும்போது ஜனங்க பாட்டுப் புஸ்தகத்தைப் பாப்பாங்க. அவ பாடும்போது புஸ்தகத்தை மூடிருவாங்க. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

எனக்கு அவளைப் பிடிச்சிருந்துச்சு சார். சுத்தி வளைக்கல, நேரா சொல்லிடறேன். ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அவளுக்கு என் மேல ஒண்ணும் கிடையாது. இருந்தா சொல்லியிருப்பால்ல? வாய் இல்லாத பொண்ணு இல்ல அவ. எல்லார்கிட்டயும் கலகலன்னு பேசுவா. கொயர்ல இருக்கற ஆம்பளைங்க அத்தனை பேரையும் அண்ணா, அண்ணாம்பா. என்னை மட்டும் ஒண்ணும் கூப்பிட மாட்டா. "இங்க பாருங்க"ம்பா. "ஏங்க, இந்த வயரு உங்களோடதா"ம்பா. எனக்கு அது ஒரு மனத்தாங்கல்தான். எனக்கு மட்டும் என்ன, பேரு இல்லையா? மத்தவனுக்கெல்லாம் குடுக்கற மரியாதையில நான் என்ன கொறைஞ்சு போயிட்டேன்? கேட்டது இல்ல. மனசுக்குள்ள வச்சுக்கிட்டேன்.

ஒரு வருசம் ஈஸ்டர் முடிஞ்சு மணப்பாறை பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்குப் பாடப் போனோம். வேன்ல திரும்பி வர்றோம். அவ பின்னாடி பொம்பளைங்களோட உக்காராம எனக்குப் பக்கத்து சீட்டுல வந்து உக்காந்தா. அங்க வெயில் அடிக்குதுன்னா. டிரைவர் ஒரு பழைய பாட்டு போட்டாரு. அவ ஜன்னலைப் பாத்துக்கிட்டே, "அடியில ஒண்ணு கேக்குது பாருங்க, தொம் தொம்முன்னு. அது கீழ இருந்தா பாடறவளுக்கு பயமே இருக்காதுல்ல"ன்னா. "அது என்ன வாத்தியம், உங்களுக்குத் தெரியும்ல?"ன்னா.

எனக்குத் தெரியாமலா? ஆரம்பிச்சேன். டபுள் பேஸ்னா என்ன, அதுக்கு ஏன் அந்தச் சத்தம், உள்ள எப்படிப் பொள்ளலா இருக்கும், நம்ம கிட்டாருக்கு ஏன் அது வராது, எல்லாம் சொல்லிக்கிட்டே வந்தேன். கன்னத்துல கைய வச்சுக்கிட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு கேட்டா சார், பொன்மலை வர்ற வரைக்கும். ஒரு தடவைகூட ஜன்னல் பக்கம் திரும்பல. சங்கீதத்துல அவ்வளவு ஆர்வம் அவளுக்கு.

எறங்கும்போதே நான் முடிவு பண்ணிட்டேன். அந்தச் சத்தத்தை இந்தக் கிட்டார்லேர்ந்து கொண்டாந்து அவ பாட்டுக்குக் கீழ வைக்கிறது. வச்சுட்டு அப்புறமா பேசறது. நான் வாயால சொல்ற ஆளு இல்ல சார். எனக்கு வராது. விரலால சொல்லிட்டா அவளுக்கே புரிஞ்சுரும்னு நெனச்சேன். அவளுக்காகத்தான், அவ கேட்டதுக்காகத்தான் இவ்வளவும்னு அவளுக்குத் தெரியாமலா போயிரும்?

டீ எடுத்துக்கங்க.

மொதல்ல டோன் குமிழைத் திருகிச் சுத்தமா கொறைச்சுப் பாத்தேன். எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க. போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு பேசற மாதிரி ஆயிருச்சு. சத்தம் மங்குச்சே ஒழிய அடங்கல. சரி, அந்த டபுள் பேஸுல, கழுத்துல குறுக்கால பதிச்சிருப்பாங்களே ஃப்ரெட்டுன்னு, அதே கிடையாது, மொட்டைக் கட்டை, அதனாலதான் அந்தக் கொழகொழப்பு வருதுன்னு, இதோ பாருங்க, கோடு கோடா தெரியுதுல்ல, இங்கெல்லாம் ஃப்ரெட் இருந்துச்சு. அத்தனையும் நானே பிடுங்கிட்டேன். இஸ்திரிப் பெட்டியை வச்சு லேசா சூடு காட்டி, குறடால கட்டை பேராம நெம்பி எடுத்து, அந்தப் பள்ளத்துல மரத்தூளையும் பசையையும் கொழைச்சு அடைச்சேன். எங்க அக்கா தலையில அடிச்சுக்கிட்டா. நல்லா இருக்கற பொருளைப் போட்டு ஏன்டா பாழாக்கற, கிறுக்கு புடிச்சிருக்கான்னா.

நான் அதைப் பிடுங்கிக்கிட்டிருக்கும்போதுதான் பெர்னதெத் வந்தா. பாட்டு காப்பி வேணும்னு வருவா. வாரத்துல மூணு நாளு நாலு நாளு வருவா. அக்கா ஒரு நாள், "ஏன்டா, அந்தப் பொண்ணு தெனம் வந்து நிக்குதே, நம்ம வீட்டுல என்ன ஜெராக்ஸ் கடையா வச்சிருக்கோம்?"னு கேட்டா. கொயர்ல பாட்டு நெறைய இருக்குக்கா, அவ சின்சியரு, எல்லாத்தையும் எழுதி வச்சுக்கறான்னேன். அக்கா என்னை ஒரு மாதிரி பாத்துட்டு உள்ள போயிட்டா. அவளுக்குச் சங்கீதம் அவ்வளவா தெரியாது.

அன்னைக்கு வந்தவ இந்த வாசப்படியிலதான் உக்காந்தா. "வீட்டுல எனக்கு மாப்பிள்ளை பாக்கறாங்க"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு சார்.  ஆனா என்ன பண்றது, கையில இஸ்திரிப் பெட்டி. சூடு கூடிருச்சுன்னா கட்டை கருகிரும். "அந்தக் குறடைக் கொஞ்சம் எடு"ன்னேன். எடுத்துக் குடுத்தா. குடுத்துட்டு நான் இன்னும் ரெண்டு மூணு பிடுங்கற வரைக்கும் உக்காந்து பாத்துட்டுப் போயிட்டா.

நான் என்ன கணக்குப் போட்டேன்னா, மாப்பிள்ளை பாக்கறதுன்னா லேசுப்பட்ட காரியமா? வருசக்கணக்கா பாப்பாங்க. அதுக்குள்ள சத்தத்தைப் புடிச்சிரலாம். வேகமா பண்ணணும்னு மட்டும் தோணுச்சு. அன்னையிலேர்ந்து ஒர்க்‌ஷாப் விட்டா நேரா வீடு. கூட்டாளிங்க கூப்பிட்டா போகல. மார்ஸிங்பேட்டைக்கு ஒரு சாவு வீட்டுக்குக்கூடப் போகல, அதுக்கு இன்னைக்கு வரைக்கும் ஏச்சு வாங்கறேன்.

அடுத்தது கம்பி. புதுக் கம்பி பளபளன்னு கத்தும். செத்த கம்பிதான் வேணும். ஆனா கம்பி சாகறதுக்கு வருசம் ஆகும், அவ்வளவு நாளு எனக்கு ஏது? அதனால தேங்காய் எண்ணெய் தடவினேன். சிரிக்காதீங்க சார். எண்ணெயும் அழுக்கும் ஏறினாதான் கம்பி வாயை மூடும். துணியில முக்கி முக்கித் தடவி ராவுனேன். அந்த நேரம் பாத்து அவ வர்றா. மூக்கைச் சுளிச்சுக்கிட்டு, "என்ன, கிட்டாருக்குத் தலை வாரி விடறீங்களா?"ன்னா. நல்லா சிரிச்சா. அவ சிரிச்சு நான் பாத்தது அதுதான் கடைசி.

சிரிச்சுட்டு சட்டுன்னு நிறுத்திட்டா. "ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க. நான் என்ன சொல்லட்டும்?"ன்னா.

ஞாயித்துக்கிழமை எங்களுக்கு ரிகர்சல் சார். சகாயமாதா நவநாள் ஜெபத்துக்குப் பாட்டு ரெடி பண்ணணும். அமல்தாஸ் சாரு லீவு விசயத்துல ரொம்பக் கறாரு. அதனால, "முன்னாடியே அமல்தாஸ் சார்ட்ட சொல்லிரு, கடைசி நேரத்துல சொன்னா கத்துவாரு"ன்னேன். நியாயமாத்தான சொன்னேன்? அவ தலையை ஆட்டினா. "சரி, சொல்லிடறேன்"னா. பாட்டு காப்பியை வாங்காமலே போயிட்டா. நான் பின்னாடியே ஓடிப்போய் தெரு முக்குல குடுத்துட்டு வந்தேன், பாவம் மறந்துட்டாளேன்னு.

அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் வீட்டுக்கு வந்தா. நான் அதுக்குள்ள இன்னொண்ணு கண்டுபிடிச்சிருந்தேன். பாலம் இருக்கற பக்கம், அதாவது இந்தக் கம்பியெல்லாம் வந்து முடியுதே இங்க, இங்க தட்டினா கணீர்னு கேக்கும். கழுத்துப் பக்கமா தள்ளி வந்து, விரல் நுனியால இல்லாம கட்டைவிரல் சதையால தட்டினா, சத்தம் உருண்டையா வருது. கிட்டத்தட்ட வந்துருச்சு சார், அந்த அடங்கறது ஒண்ணுதான் பாக்கி. அவளைப் பாத்ததும் எனக்கு சந்தோசம் தாங்கல. "உக்காரு, உக்காரு, நீ ஒரு வரி பாடு, நான் கீழ வாசிக்கறேன், உனக்கு எப்படி இருக்குன்னு சொல்லு"ன்னேன்.

அவ நின்னுக்கிட்டே இருந்தா. "எல்லாரும் சரின்னுட்டாங்க. என்னை யாருமே கேக்கல"ன்னா.

"கேப்பாங்க, கேப்பாங்க. நீ பாடு"ன்னேன். பாட்டைக் கேக்கறதைப் பத்தித்தான் அவ சொல்றான்னு நான் நெனைக்கல சார், நான் ஒண்ணும் அவ்வளவு மடையன் இல்ல. கல்யாணப் பேச்சுன்னு தெரியும்.  வேற பேச்சுக்கு மாத்தணும்னுதான் பாடச் சொன்னேன்.

பாட ஆரம்பிச்சா. மாதா பாட்டுதான். ரெண்டாவது வரியில கொரல் ஒடைஞ்சு போச்சு. மறுபடி ஆரம்பிச்சா, மறுபடி ஒடைஞ்சுது. கண்ணெல்லாம் தண்ணி. "ஜலதோசம்"னா. எனக்கு ஒரே அவமானமா போச்சு. ஜலதோசமாவது ஒண்ணாவது. என் சத்தம்தான் சரியில்ல. அடியில நிக்கிறது ஒழுங்கா நின்னாத்தான மேல இருக்கறவ கொரல் நிக்கும்? அவளே வேன்ல சொன்னாளே, கீழ அது இருந்தா பயமே இருக்காதுன்னு. அவளுக்கு பயம் வந்துருச்சுன்னா என் வாசிப்பு இன்னும் வரலைன்னுதான அர்த்தம்? "நீ போ, நான் சரி பண்ணிட்டுக் கூப்பிடறேன்"னு அனுப்பிட்டேன்.

அதான் சார் நான் பண்ணினது. வேற ஒருத்தனா இருந்தா, போதும்னு விட்டிருப்பான். நான் விடல.

இப்போ எங்க ஆளுங்க வழக்கம் ஒண்ணு சொல்லணும் உங்களுக்கு. நீங்க கிறிஸ்தவங்க இல்லைல்ல? எங்கள்ல கல்யாணம் நிச்சயம் ஆச்சுன்னா கோயில்ல ஓலை வாசிப்பாங்க. மூணு ஞாயித்துக்கிழமை, பூசை முடியப் போற நேரத்துல, ஃபாதர் மைக்குல வாசிப்பாரு. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் பண்றதா இருக்கோம், இதுக்குத் தடை ஏதாவது தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்னு. மூணு தடவை வாசிப்பாங்க. யாராவது ஆட்சேபணை சொல்லணும்னா அதுக்குள்ள சொல்லிரணும்.

நாங்க கொயர்காரங்க மேல மாடியில இருப்போம். எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். அறிவிப்பு நேரம்னா கொயர்ல எவனும் காது குடுக்க மாட்டான். ஒருத்தன் பாட்டு நம்பர் தேடுவான், ஒருத்தி பக்கத்துல இருக்கறவ சேலையைப் பத்திப் பேசுவா, அமல்தாஸ் சாரு கீழ எறங்கி ஒரு டீ அடிச்சுட்டு வந்துருவாரு. நான் ஹெட்போனை மாட்டிக்குவேன். சின்னதா ஒரு டப்பா வச்சிருந்தேன், அதுல சொருகினா நான் வாசிக்கறது எனக்கு மட்டும் கேக்கும். அந்த அஞ்சு பத்து நிமிசமும் எனக்கு ஆராய்ச்சி நேரம்.

மொத ஓலை வாசிச்சப்ப எனக்குத் தெரியாது. ஹெட்போன். ரெண்டாவது ஓலையப்ப அமல்தாஸ் சாரு டீக்குப் போகாம வந்து என் தோளை ஆட்டினாரு. ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கினேன். "டேய் சவரி, கேட்டியாடா?"ன்னாரு. "எங்க சார், தடிக் கம்பி இன்னும் சரியா அடங்கல"ன்னேன். என்னையே பாத்தாரு. பாத்துட்டுப் போயிட்டாரு. அந்த மனுசனாவது என் மண்டையில ஒண்ணு போட்டு சொல்லியிருக்கலாமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

அவ மேல வர்றதை நிறுத்திட்டா. கீழ அவங்க அம்மா பக்கத்துல உக்காந்தா. ஜலதோசம் இன்னும் விடல போலன்னு நெனச்சேன். அறிவிப்பு நேரத்துல திரும்பித் திரும்பி மாடியைப் பாப்பா. கொயரை விட்டு இருக்க முடியல பாவம்னு நெனச்சேன். நான்கூட ஒரு தடவை கையைத் தூக்கிக் காட்டினேன், சத்தம் கிட்ட வந்துருச்சுன்னு.

மூணாவது ஞாயித்துக்கிழமை ஹெட்போன் டப்பாவுல பேட்டரி போயிருச்சு சார்.

அதனால காதுல விழுந்துச்சு. ஃபாதர் வாசிக்கறாரு. கும்பகோணம் பங்கு, அதாவது அந்த ஊரு கோயிலைச் சேர்ந்த யாரோ கிளமென்ட்டு. அப்புறம் அவ பேரு. அவங்க அப்பா பேரு, அவங்க அம்மா பேரு. இது மூன்றாம் ஓலைன்னாரு. தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்னு சொல்லிட்டு ஒரு நிமிசம் நிறுத்தினாரு. எப்பவும் நிறுத்துவாரா, இல்ல அன்னைக்குத்தான் நிறுத்தினாரான்னு எனக்குத் தெரியல. மின்விசிறி ஓடற சத்தம் மட்டும் கேக்குது. கீழ அவ திரும்பி மேல பாக்கறா.

என் உயிரே போச்சு சார்.  அமல்தாஸ் சாரு முடிவுப் பாட்டை எடுத்துட்டாரு. நான் வாசிக்கணும். கையில வலு இல்ல. வலது கை அப்படியே தொப்புன்னு பாலத்து மேல விழுந்துருச்சு. உள்ளங்கை கம்பி மேல கெடக்கு, தூக்க முடியல. கட்டைவிரல் மட்டும்தான் அசையுது. அதால தட்டினேன்.

தொம்.

வந்துருச்சு சார். அத்தனை மாசமா நான் தேடினது. கை கம்பி மேல கெடந்ததால, தட்டின உடனே சத்தத்தை அது அமுக்கிருச்சு. விழுந்துச்சு, அடங்குச்சு. கோயில் முழுக்க மரம் பேசுது. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. அழுகையும் வருது, சிரிப்பும் வருது. பாட்டு முழுக்க அவ என்னையே பாத்தா. எல்லாரும் பீடத்தைப் பாத்து நிக்கறாங்க, அவ மட்டும் பின்னாடி திரும்பி மாடியைப் பாத்து நிக்கறா. கேட்டுட்டா, அவளுக்குக் கேட்டுருச்சுன்னு நெனச்சேன்.

அந்த வாரத்துலயே இந்த ஸ்பாஞ்சைக் கண்டுபிடிச்சேன். கையைக் கம்பி மேலயே வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் வாசிக்க முடியும்? கைக்குப் பதிலா ஒண்ணு வேணும். அக்கா பாத்திரம் வெளக்க வாங்கி வச்சிருந்ததை எடுத்து, பச்சையா சொரசொரன்னு இருக்கற பக்கத்தை அறுத்துப் போட்டுட்டு, மஞ்சள் பக்கத்தை மட்டும் கம்பிக்கு அடியில சொருகினேன். அச்சு அசல். வேளாங்கண்ணி திருவிழா முடிஞ்சு அவ கல்யாணம். நான்தான் வாசிச்சேன். வாசிக்க மாட்டேன்னு சொல்ல முடியுமா? அவளுக்குன்னு புடிச்ச சத்தம் அது. அவ கேக்கணும்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககூட வந்து கை குடுத்துட்டுப் போனாங்க. பிரியாணி சாப்பிடாம கிளம்பி ஒர்க்‌ஷாப் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். லீவு நாளு, அங்க ஒரு ஈ காக்கா கிடையாது. தூணைப் புடிச்சுக்கிட்டு அழுதேன் சார். மூச்சு முட்ட அழுதேன். ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் முன்னாடி இந்த ஸ்பாஞ்சு என் மண்டைக்குத் தோணியிருந்தா, அவ இங்க இருந்திருப்பா. இதைத்தான் இத்தனை வருசமா நெனச்சு நெனச்சு மருகிக்கிட்டிருந்தேன்.

கல்யாணம் பண்ணிக்கல. பொண்ணு பாத்தாங்க, எனக்குத் தோணல.

போன மாசம் தேர்த் திருவிழாவுக்கு அவ வந்திருந்தா. பூசை முடிஞ்சு எல்லாரும் சப்பரத்துக்குப் போயிட்டாங்க. நான் மேல வயரு சுத்திக்கிட்டிருக்கேன். படியேறி வர்றா. ஒரு சின்னப் பொண்ணு அவ கையைப் புடிச்சுக்கிட்டு கூட வருது, அவ மூஞ்சியே. பெர்னதெத் கொஞ்சம் பூசினாப்புல ஆயிட்டா. கண்ணு அதேதான்.

"நல்லா இருக்கீங்களா?"ன்னா. நல்லா இருக்கேன்னேன்.  "கேக்கறியா?"ன்னு கிட்டாரை மறுபடி ஆம்ப்ளிஃபயர்ல சொருகி, ஒரு மாதா பாட்டோட அடியை மட்டும் வாசிச்சுக் காட்டினேன். தொம், தொம்முன்னு. கண்ணை மூடிக் கேட்டா. "நல்லா இருக்கு"ன்னா. "நீதான கேட்ட, வேன்ல, மணப்பாறை போயிட்டு வர்றப்ப"ன்னேன்.

"நானா? என்ன கேட்டேன்?"ன்னா.

சொன்னேன். அவளுக்கு ஞாபகமே இல்ல சார். எவ்வளவு யோசிச்சும் வரல. "உங்ககிட்ட பேசணும்னு ஏதாச்சும் பேசியிருப்பேன்"னா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பாடறவ மறக்கற விசயமா அது? நான் ஃப்ரெட்டைப் பிடுங்கி, எண்ணெய் தடவி, இத்தனையும் எதுக்குப் பண்ணினேன்? கோவம் வந்துருச்சு. வயரை வேகவேகமா சுத்தினேன்.

அவதான் மெதுவா கேட்டா. "மூணாவது ஓலை வாசிச்சாங்களே. அன்னைக்கு உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"ன்னா.

கல்யாணமான பொண்ணு. பக்கத்துல அவ மக நிக்குது. என்ன சார் சொல்ல முடியும்? "தோணுச்சு. கையைப் பாலத்து மேல வச்சு அமுக்கணும்னு தோணுச்சு. அதுலதான் சத்தமே வந்துச்சு"ன்னேன்.

அவ சிரிக்கப் பாத்தா. வரல. "எங்க அம்மா அந்த மூணு வாரமும் என் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. நீங்க கீழ எறங்கி வந்து ஃபாதர்ட்ட ஏதாச்சும் சொல்லிருவீங்களோன்னு அவங்களுக்கு பயம்"னா. மக தலையைத் தடவிக்கிட்டே சொல்றா. "நான் அது நடக்கணும்னுதான் ஜெபமாலை சொல்லிக்கிட்டிருந்தேன்"னா.

சொல்லிட்டு எறங்கிப் போயிட்டா. 

பாருங்க சார், அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அமல்தாஸ் சாருக்குத் தெரிஞ்சிருக்கு. எங்க அக்காவைக் கேட்டா, "ஊருக்கே தெரியும்டா, உனக்குத் தெரியாதுன்னு எங்களுக்குத்தான் தெரியல"ங்கறா. எனக்கு மட்டும் யாரும் சொல்லல. ஒருத்தர், ஒரே ஒருத்தர் வாயைத் தெறந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... அதுதான் சார் என் ஆத்தாமை. அன்னையிலேர்ந்து இதை எடுத்தா, தொம்முன்னு ஒரு அடி விழுந்ததும் அடுத்த அடிக்குக் கை போக மாட்டேங்குது. அதான் விக்கறேன்.

எடுத்துட்டுப் போங்க. ஜாக்கிரதையா வாசிப்பீங்க, உங்க விரலைப் பாத்தாலே தெரியுது. பஸ்ஸுல மேல போடாதீங்க, மடியில வச்சுக்கங்க. வீட்டுல யார் யாரு இருக்கீங்க? ஓ, சம்சாரமும் இருக்காங்களா. நல்லது.

ஒண்ணே ஒண்ணு சார். நீங்க வாசிச்சுக்கிட்டிருக்கும்போது அவங்க வந்து பக்கத்துல உக்காந்தா, வாசிக்கறதை நிறுத்திட்டு என்னன்னு கேளுங்க. ஒண்ணுமில்லம்பாங்க. இன்னொரு தடவை கேளுங்க.